தனி விமானத்தில் டெல்லி: முப்பத்தொரு லட்சம் ரூபாயும் ஐந்தாறு படிகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது என் காசு இல்லை. கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். பில்லை வரி வரியாகப் படிப்பது என் பிழைப்பு. அதனால் மற்றவர்கள் இருக்கையின் தோலையும் கிளாஸில் ஊற்றிக் கொடுத்ததையும் பற்றி எழுதும் இடத்தில் நான் பில்லைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாளியின் தங்கை குடும்பம் குருகிராமில் இருக்கிறது. தங்கை மகளுக்கு தை மாதக் கடைசியில் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். முதலாளியின் அம்மா, நாங்களெல்லாம் பெரியம்மா என்று கூப்பிடுவோம், எண்பத்தாறு வயது. போன வருடம் இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறது. பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல் சாக மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். "ஏர்போர்ட்ல ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சா அம்மாவுக்கு ஆகாதுங்க. தனி பிளேன் பேசுங்க" என்றார் முதலாளி. அவ்வளவுதான் உத்தரவு. மொத்தம் எட்டுப் பேர், எட்டாவது ஆள் நான். பைலட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் பேச ஒருவர் வேண்டும் என்பதால் எனக்கு இடம் கிடைத்தது.

மூன்று இடத்தில் விலை கேட்டேன். முதல் பாடம் அங்கேயே. இரண்டு பேர் அனுப்பிய விலைப்பட்டியலில் விமானத்தின் பதிவு எண் ஒன்றே. நம் நாட்டு விமானங்களுக்கு வி.டி. என்று தொடங்கி பிறகு மூன்று எழுத்து வரும், வண்டி நம்பர் போல. அதே மூன்று எழுத்து, ஆனால் விலையில் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டு பேருமே புரோக்கர்கள், விமானம் மூன்றாவது ஆளுடையது. நேராக அந்த மூன்றாவது ஆளையே பிடித்தேன். வாடகைக்கு ஓட்ட, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் அனுமதியின் பெயர் என்.எஸ்.ஓ.பி. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான விமானத்தைக் காசுக்கு ஓட்டக் கூடாது. வெள்ளை போர்டு காரை டாக்ஸியாக ஓட்டுகிற மாதிரிதான் அது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கை விரித்துவிடுவார். அனுமதி நகலும் இன்சூரன்ஸ் நகலும் கேட்டேன். சிரித்துக்கொண்டே அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்பதுதான் முக்கியம்.

இனி பணக் கணக்கு. கோவையிலிருந்து வெளியூர் கால்டாக்ஸி பேசியவர்களுக்கு இது சட்டென்று புரியும். சென்னையில் இறக்கிவிட்டு வந்தால் போதும் என்றாலும், வண்டி காலியாகத் திரும்பும் கிலோமீட்டருக்கும் நாம்தான் கொடுக்கிறோம், டிரைவர் பேட்டாவும் சேர்த்து. விமானமும் அப்படியே. கோவையில் நமக்காக விமானம் நிற்பதில்லை. அது எந்த ஊரில் நிற்கிறதோ அங்கிருந்து காலியாக வந்து, கடைசியில் காலியாகத் திரும்பும். டெல்லியில் நிற்கும் விமானத்தைப் பேசினால் நான்கு தடவை கோவை–டெல்லி தூரம், ஒரு தடவைக்கு இரண்டே முக்கால் மணி, ஆக பதினோரு மணி நேரம். பெங்களூரில் நிற்பதைப் பேசினால் முக்கால், இரண்டே முக்கால், இரண்டே முக்கால், முக்கால், ஆக ஏழு மணி நேரம். மணிக்கு இரண்டரை லட்சம் என்றால் முதலாவது இருபத்தேழரை லட்சம், இரண்டாவது பதினேழரை. பத்து லட்சம் மிச்சம் என்று முதலாளியிடம் ஓடினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

பெங்களூர் விமானம் டெல்லியில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். நடுவில் கல்யாண நாளன்று அது பறக்காது. பறக்காத நாளுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரக் காசு என்று ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. ஐந்து லட்சம், சும்மா நிற்பதற்கு. இரண்டு பைலட், ஒரு பணிப்பெண், மூன்று பேருக்கும் ஓட்டல் அறுபதாயிரம். அப்படியும் டெல்லி விமானத்தைவிட நாலு லட்சத்து நாற்பதாயிரம் குறைவுதான், அதையே பேசினோம். இறங்குவது, நிறுத்துவது, தரைப் பணி என்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம். சாப்பாடு முப்பத்தைந்தாயிரம். எல்லாம் கூட்டி மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் 29,32,300 ரூபாய். இது புறப்படும் முன் போட்ட கணக்கு.

புரொப்பெல்லர் வைத்த கிங் ஏர் பி200 மணிக்கு வாடகை குறைவு என்றும் ஒருவர் சொன்னார். அது மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் போகும், கோவை–டெல்லி கிட்டத்தட்ட 1,950 கிலோமீட்டர். நாலு மணி நேரம். எட்டுப் பேரும் மூட்டையும் ஏறினால் எண்ணெய் நிரப்ப வழியில் இறங்கவும் நேரலாம். பெரியம்மாவை வைத்துக்கொண்டு அது வேண்டாம் என்று எட்டு இருக்கை உள்ள ஹாக்கர் 800 எக்ஸ்பி ஜெட்டை எடுத்தோம்.

"நீங்க எப்ப வேணும்னாலும் கிளம்பலாம்" என்பது விளம்பர வாசகம். ஆறு மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன். கேப்டன் முடியாது என்றார். அந்தப் பருவத்தில் டெல்லியில் காலையில் பனிமூட்டம் இருக்கும். கண் தெரியாத மூட்டத்திலும் இறங்க கேட் த்ரீ என்ற முறை இருக்கிறது. அதற்கு ஓடுதளத்தில் கருவி இருந்தால் போதாது, விமானமும் பைலட்டும் அதற்கென்று தகுதி பெற்றிருக்க வேண்டும். பெரிய விமானக் கம்பெனிகளிடம் அது உண்டு, நாங்கள் பேசிய விமானத்துக்கு இல்லை. ஆகவே வெயில் ஏறியபின் போய்ச் சேரும்படி எட்டரைக்குப் புறப்பாடு. லட்சக்கணக்கில் கொடுத்தவர் பனி விலகக் காத்திருக்க, பத்தாயிரம் ரூபாய் டிக்கெட்காரர் போய் இறங்கிவிடுவார்.

புறப்படும் நாள் ஏழு ஐம்பதுக்கு ஏர்போர்ட். ஆதார் பார்த்தார்கள், பையை எக்ஸ்ரேயில் விட்டார்கள், தடவிப் பார்த்தார்கள். தனி விமானம் என்றால் பாதுகாப்புச் சோதனை கிடையாது என்று நினைப்பவர்கள் நினைப்பை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வரிசை இல்லை. பெரியம்மா சக்கர நாற்காலியிலேயே வேனில் ஏறி விமானம் வரைக்கும் போய்விட்டார். மொத்தம் இருபது நிமிடம். நான் மனதுக்குள் காசு வசூல் என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த நிமிடமே அழித்தேன்.

சின்ன ஜெட்டுக்கு ஏரோபிரிட்ஜ், அதாவது கட்டடத்திலிருந்து விமானத்துக்குள் நேராக நடந்துபோகும் பாலம், ஒட்டாது. கதவே கீழே விரிந்து படியாகும். ஐந்தாறு படிதான். ஆனால் செங்குத்து, குறுகல், ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஏற முடியும். நாற்காலியோடு நாலு பேர் தூக்கலாம் என்றால் நாலு பேர் நிற்க இடமில்லை. புக்கிங்கின்போது இரண்டு தடவை கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு நடக்க முடியாது, ஏற்பாடு இருக்கிறதா? "வீல்சேர் இருக்கு சார், நோ பிராப்ளம்." வீல்சேர் இருந்தது, படி வரைக்கும். படியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகளை ஏற்றும் ஆம்புலிஃப்ட் லாரி பெரிய விமானத்தின் உயரமான கதவுக்கென்று செய்தது, இந்தக் கதவுக்குப் பொருந்தாது என்று தரைப் பணியாளர் பிறகு சொன்னார். யாருக்காக இவ்வளவு செலவோ அவர் தார்த்தரையில் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். முதலாளி யார் யாருக்கோ போன் போடுகிறார்.

பெரியம்மாவே முடிவு செய்தார். "கெணத்துப் படி எறங்கி ஏறாத ஆளா நானு? தள்ளுங்க சாமி" என்று சொல்லி, படிக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்தார். பிறகு கையை ஊன்றி அடுத்த படி. மேலிருந்து துணை பைலட் பெண் அக்குளில் கை கொடுத்தார், கீழே பேரன் காலைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. பத்து நிமிடம் ஆனது. முதலாளி வேறு பக்கம் திரும்பி நின்றார்.

உள்ளே போனபின் சொல்லக் குறை இல்லை. நிற்கும்போது உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், ஆறடி முதலாளி குனிந்துதான் நடந்தார், அது யாருக்கும் வருத்தமாகத் தெரியவில்லை. எதிரெதிர் இருக்கை, பெரியம்மா காலை நீட்டிக்கொண்டார். பின்னால் கழிவறை, வரிசை கிடையாது, கூட வந்த இன்னொரு பேத்தி கையைப் பிடித்து நாலு எட்டு. அவருக்கு இதுதான் பெரிய நிம்மதி, இதற்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம். ஓட்டலிலிருந்து வந்த சாப்பாட்டில் ஐந்து வகைச் சீஸ், ஆலிவ் காய், சின்னச் சின்ன கேக். பெரியம்மா தூக்குப்போசியைத் திறந்து தயிர் சாதமும் நார்த்தங்காயும் எடுத்தார். எல்லோரும் அதிலேயே கை வைத்தோம். முப்பத்தைந்தாயிரம் அப்படியே திரும்பிப் போனது. ஒப்பந்தத்தில் சாப்பாடு வேண்டாம் என்று அடிக்கலாம், அடியுங்கள்.

சாமான் வைக்கும் இடம் இந்த மாடலில் கதவுக்குப் பக்கத்தில் உள்ளேயே, ஒரு பீரோ அளவு. சீர்த்தட்டும் ஆளுயரக் குத்துவிளக்கும் அதில் நுழையாது என்று முந்தின நாளே தெரிந்ததால் ஆபீஸ் பையன்கள் இருவரைச் சாதாரண விமானத்தில் சீரோடு அனுப்பியிருந்தேன். எங்களுக்கு முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்பினார்கள்.

கேப்டன் ஒரு விஷயம் சொன்னார், எனக்குப் பிடித்தது. கோவையும் டெல்லியும் ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. நூல் பிடித்தாற்போல் நேர் வடக்கு. மைசூர் பக்கம் தாண்டி, அனந்தபூர், ராய்ச்சூர், பீதர், நாந்தேட், அகோலா, போபால் எல்லாம் அந்தக் கோட்டுக்கு அருகில்தான். 39,000 அடியில் ஜன்னல் வழியே பார்த்தால் காய்ந்த செம்மண், பிறகு கரிசல். பெரியம்மா நர்மதையைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். கும்பிட்டுக்கொண்டார்.

வேகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பெரிய விமானமும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். டெல்லிக்கு மேலே வட்டமடித்ததிலும் தரையில் ஊர்ந்ததிலும் இருபது நிமிடம் கூடியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: காசு பறக்கும் நேரத்துக்கு மட்டுமல்ல. சக்கரத்துக் கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை போடும்வரை மீட்டர் ஓடுகிறது, ஆட்டோ சிக்னலில் நின்றால் வெயிட்டிங் ஏறுவது போல. திரும்பும்போது பெரிய விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றதில் இன்னொரு பதினாறு நிமிடம். இரண்டும் சேர்த்து முப்பத்தாறு நிமிடத்துக்கு வரியோடு 1,77,000 ரூபாய். கடைசிப் பில் 31,09,300.

டெல்லியில் தனி விமானங்களுக்கென்று 2020 செப்டம்பரில் திறந்த தனி முனையம் இருக்கிறது. அங்கே எல்லாம் சுத்தம், அமைதி. இறங்கும்போதும் பெரியம்மா உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார், ஆனால் இறங்கியபின் காரில் ஏற ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் மண்டபம் சேர்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் பையன்கள் குத்துவிளக்கோடு வந்து நின்றார்கள். கணக்கு பார்த்தேன்: எங்களைவிட ஒரு மணி பத்து நிமிடம் பின்னால். அதில் முக்கால் மணி அவர்கள் தாமதமாகக் கிளம்பியது.

கல்யாணம் நன்றாக நடந்தது. திரும்ப வேண்டிய அன்று காலையில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, அந்தப் பசங்க வந்த பெரிய பிளேன்ல படி இருக்குதா?" இல்லைங்க பெரியம்மா, வீட்டுத் திண்ணையிலிருந்து உள்ளே போகிற மாதிரி நேராகப் போய்விடலாம் என்றேன். "அப்ப நான் அதுலயே வர்றேன். நீயுங் கூட வா." முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் அம்மாவிடம் அவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு டிக்கெட் 19,400 ரூபாய். வீல்சேர் ஆள் வாசலிலேயே வந்து எல்லா வரிசையையும் தாண்டி அழைத்துப்போனார், முதல் ஆளாக உள்ளே விட்டார்கள். காத்திருந்தது ஒன்றேகால் மணி நேரம். அந்த நேரம் பெரியம்மா பக்கத்தில் இருந்த பஞ்சாபி அம்மாளிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார், அந்த அம்மாளும் பஞ்சாபியில் பதில் சொன்னார். ஹாக்கர் ஆறு பேரோடும் இரண்டு காலி இருக்கையோடும் வந்தது. வாடகை ஆளுக்கு இல்லை, விமானத்துக்கு. ஆகவே ஒரு ரூபாயும் குறையவில்லை.

பேச நினைப்பவர்களுக்கு இன்னொன்று. கோவையிலிருந்து பெங்களூருக்குக் காலியாகத் திரும்பும் அந்த முக்கால் மணிக்கும் நாம் கொடுத்தாயிற்று. அதே பயணத்தை 'எம்ப்டி லெக்' என்று வேறொருவருக்குக் குறைந்த விலையில் விற்பது இந்தத் தொழிலில் வழக்கம். விற்றால் நமக்குக் கழிவு உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். நான் பில் வந்த பிறகு கேட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. நேரம் தவறவில்லை, பணியாளர்கள் தங்கம், துணை பைலட் பெண்ணுக்குப் பெரியம்மா ஐந்நூறு ரூபாய் கொடுத்து, அவர் வாங்க மறுத்து, ஒரே ரகளை. குறைத்தது ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்துக்கும் "நோ பிராப்ளம்" என்ற அந்த ஒரு வார்த்தைக்கும்.

முதலாளி மறுபடி சித்திரையில் அகமதாபாத் போக விலை கேட்கச் சொல்லியிருக்கிறார், இந்த முறை நாலு பேர். நேற்று இரண்டு இடத்துக்குக் கடிதம் போட்டேன். முதல் கேள்வி: விமானம் எந்த ஊரில் நிற்கிறது? இரண்டாவது: படி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம்? இரண்டாவதற்கு ஒருவர் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.