ஆன்லைன் போக்கர்: எதிரே ஆடுபவர் யார், ஜெயித்த பணம் எப்போது வரும்?

டொராண்டோவில் இருந்துகொண்டு 2009 முதல் ஆன்லைனில் போக்கர் ஆடுகிறேன். சிறிய தொகை, கேஷ் மேசைகள் (போட்டித்தொடர் அல்ல, நேரடியாகப் பணம் வைத்து ஆடுபவை) மட்டும். போனஸ், மென்பொருள் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

வெளிநாட்டு உரிமத்தில் இயங்கிய சிறிய அறை (போக்கர் தளம்) ஒன்றில் பல ஆண்டுகள் ஆடினேன். எந்த நேரத்தில் நுழைந்தாலும் அதே சில பெயர்கள் கண்ணில் படும். ஆள் குறைந்த மேசையாகப் பார்த்து உட்காருவார்கள், மேசை நிரம்பியதும் எழுந்துவிடுவார்கள். லாபத்துக்கு ஆடுகிறவர் பொதுவாக மேசை நிரம்பும் நேரத்தில் எழுந்து போகமாட்டார். இவர்கள் பிராப் பிளேயர்கள். ஆடுவது சொந்தப் பணத்தில்தான். மேசை கலையாமல் பார்த்துக்கொள்வதற்கு அறை கூலி கொடுக்கிறது. ஆன்லைனில் அந்தக் கூலி பெரும்பாலும் ரேக்பேக்காக, அதாவது ஆட்டத்தில் அறை தனக்கென எடுக்கும் பங்கான ரேக்கைத் திருப்பித் தருவதாக வரும். கட்டிய ரேக் முழுவதும், சில சமயம் அதற்கு மேலும், திரும்பக் கிடைத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட், அதாவது மேசையில் சேர்ந்த பந்தயப் பணம், 40 டாலர்; ரேக் 5 சதவீதம் என்றால் அதில் 2 டாலர் போய்விடும். நானும் ஒரு பிராப் பிளேயரும் ஒரே அளவு திறமையோடு ஆடினால் மாதக் கடைசியில் ரேக் அளவுக்கு நான் நஷ்டத்தில் இருப்பேன், அவர் கைப்பணம் குறையாமல் எழுவார். ஷில் என்பவர் இன்னொரு வகை. அவர் ஆடுவது அறையின் பணத்தில், அதனால் அவர் ஜெயித்தால் அது அறைக்கே போகும். அமெரிக்காவின் நெவாடா மாநிலச் சீட்டாட்ட விதிகள் பிராப், ஷில் இருவரையும் தனித்தனியே வரையறுக்கின்றன. வாடிக்கையாளர் கேட்டால் யாரென்று அடையாளம் காட்டவும் வேண்டும்.

பிராப் இல்லாவிட்டால் சிறிய அறைகளில் நள்ளிரவு ஆட்டமே கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். நான் கேட்டபோது அந்த அறையின் ஆதரவுப் பிரிவு பதிலே தரவில்லை. உள்ளே இருப்பவர்கள் மேசைக்கு வருவதை மறைத்தால் எதுவரை போகும் என்பதற்கு அப்சலூட் போக்கர், அல்டிமேட்பெட் என்ற இரண்டு தளங்களும் சாட்சி. எதிராளியின் சீட்டுகளைப் பார்க்கக்கூடிய கணக்குகள் இரண்டிலும் இருந்தன. ஆட்டக்காரர்களே ஆட்டப் பதிவுகளை அலசித்தான் அதை வெளியே கொண்டுவந்தார்கள்.

அடுத்தது பணம். நான் ஆடிய அந்தச் சிறிய அறையில் ஆரம்பத்தில் எடுக்கச் சொன்ன தொகை சில நாட்களில் வந்தது. பிறகு வாரங்கள், பிறகு மாதங்கள். ஏற்கெனவே கொடுத்த அடையாள ஆவணங்களையே மறுபடி கேட்டார்கள். டெபாசிட் மட்டும் நொடியில் ஏறியது. மிக மோசமானது, காத்திருக்கும் தொகையை ஒரே சொடுக்கில் மேசைக்குத் திருப்பும் பொத்தான். தாமதத்தை நீட்டி, கூடவே போனஸ் ஆசையும் காட்டினால் பலர் அதை அழுத்திவிடுவார்கள். அது தற்செயலாக வைத்த பொத்தான் என்று நான் நம்பவில்லை.

தாமதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது காலிப் பெட்டி. ஃபுல் டில்ட் போக்கர் என்ற தளத்தைப் பாருங்கள். அமெரிக்க அரசின் வழக்குப்படி, 2011 மார்ச் 31 அன்று வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. வாடிக்கையாளர் பணத்தைத் தனியே வைக்கவில்லை. 2007 ஏப்ரல் முதல் உரிமையாளர்களுக்கு மட்டும் 44 கோடிக்கு மேல் போயிருந்தது. திரையில் பேலன்ஸ் கடைசிவரை சரியாகவே தெரிந்தது. 2012இல் போக்கர்ஸ்டார்ஸ் என்ற போட்டித் தளம் அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் எங்களைப் போன்ற வெளிநாட்டவர்களுக்குப் பணம் திறந்தது. அமெரிக்கர்களுக்கு முதல் தவணை 2014 பிப்ரவரியில். அத்தனை பெரிய பெயருக்கே அந்தக் கதி.

டொராண்டோ இருக்கும் எங்கள் ஒன்டாரியோ மாகாணம் 2022 ஏப்ரலில் தன் உரிமச் சந்தையைத் திறந்தது. இப்போது அங்கே பதிவு பெற்ற அறையில்தான் ஆடுகிறேன். மாகாணத்துக்குள் இருப்பவர்களோடு மட்டும் ஆடுவதால் மேசைகள் குறைவு, நள்ளிரவுக்கு மேல் இன்னும் குறைவு. ஆனால் பணம் ஓரிரு நாளில் வங்கிக்கு வந்துவிடுகிறது. வராவிட்டால் முறையிட ஒரு ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. புதிதாக எந்த அறைக்குப் போனாலும் சிறு தொகை போட்டு, கொஞ்சம் ஆடி, முழுவதையும் வெளியே எடுக்கிறேன். அது வங்கியில் ஏறிய பிறகே இரண்டாவது டெபாசிட். கூலிக்கு ஆடுபவர்கள் உண்டா என்று எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வைக்கிறேன். பதில் வராத அறையில் கணக்கை மூடிவிடுகிறேன்.