டெஸ்டிங் கற்க அப்ரென்டிஸ்ஷிப்பா, சான்றிதழ்ப் படிப்பா?

இங்கிலாந்தில் சாஃப்ட்வேர் டெஸ்டராக நுழைய விரும்புபவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளுக்கு நடுவே நின்று யோசிக்கிறார்கள். ஒன்று, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் லெவல் 4 (பல்கலைக்கழக முதலாண்டுக்கு இணையான நிலை) அப்ரென்டிஸ்ஷிப். மற்றது, சில வாரப் பயிற்சி, ஐஎஸ்டிக்யூபி (டெஸ்டிங் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பு) ஃபவுண்டேஷன் தேர்வு, அதன்பின் வேலை தேடல். இடம் கிடைக்குமானால் முதல் வழியில்தான் போகச் சொல்வேன்.

பணக் கணக்கு எளிது. அப்ரென்டிஸிடம் பயிற்சிக் கட்டணம் வாங்கக் கூடாது, சம்பளமும் வரும். ஆனால் முதல் ஆண்டுக்கான சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் குறைவு: 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டு. பல நிறுவனங்கள் கூடுதலாகத் தருகின்றன. தொகையை முன்பே கேட்டுவிடுங்கள்.

வேகத்தில் சான்றிதழ் வழியே முந்துகிறது. ஃபவுண்டேஷன் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியென்றால் தேர்ச்சி. தாய்மொழியில் எழுதாதவர்களுக்கு 25% கூடுதல் நேரம் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லை மதிப்புகளை (அனுமதித்த மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளை) சோதிப்பது, டெஸ்ட் கேஸ்களை வகுப்பது போன்ற அடிப்படைகள் இதில் ஒழுங்காகப் படியும். அப்ரென்டிஸ்ஷிப்புக்கு வழக்கமாக 2 ஆண்டு ஆகும்.

இருந்தும் என் முடிவைத் தீர்மானிப்பது, எழுதிய டெஸ்ட்களின் பராமரிப்புதான். பயிற்சி வகுப்பில் ஒரு மாதிரித் தளத்துக்கு செலினியம் (பிரௌசரைத் தானாக இயக்கும் கருவி) ஸ்கிரிப்ட் எழுதுவீர்கள், டெஸ்ட் தேறியதாகப் பச்சை காட்டும், அதோடு முடிந்தது. அந்தத் தளம் மாறுவதே இல்லை. வேலையில் நீங்கள் எழுதிய டெஸ்ட் ஒவ்வொரு இரவும் ஓடும், மூன்றாவது ஸ்பிரிண்டில் (சில வார வேலைச் சுற்றில்) உடையும், அதைச் சரிசெய்வதும் நீங்கள்தான்.

உடைவதற்கான காரணங்கள் திரும்பத் திரும்ப வருபவைதான். 'மூன்றாவது டிவ்வுக்குள் (பக்கத்தில் ஒரு பெட்டி) இரண்டாவது பட்டன்' என்று எக்ஸ்பாத் (பக்கத்தில் ஒன்று இருக்கும் இடத்தைச் சொல்லும் முகவரி) எழுதியிருந்தால், டெவலப்பர் ஒரு பெட்டியைக் கூடுதலாகச் சேர்த்த அன்றே அது விழும். டெஸ்டுக்கென்று ஒரு நிலையான ஐடி கேட்டு வாங்கியிருந்தால் நிற்கும். '5 விநாடி காத்திரு' என்ற வரி உங்கள் கணினியில் போதும், சுமை ஏறிய சர்வரில் போதாது. பட்டன் அழுத்தத் தயாராகும்வரை காத்திருக்கச் சொல்வதே சரி. ஒரே பயனர் கணக்கை இரண்டு டெஸ்ட்கள் ஒரே சமயத்தில் தொட்டால், ஒன்று காலி செய்த ஷாப்பிங் கூடையை மற்றது தேடித் தோற்கும். தனியாக ஓட்டினால் இரண்டுமே தேறும்! அதனால்தான் காரணம் பிடிபடப் பல நாள் ஆகிறது.

இதைவிட மோசமானது, ஒருமுறை தேறி ஒருமுறை தோற்கும் நிலையில்லாத டெஸ்டைத் திரும்ப ஓட்டிப் பச்சையாக்கிவிட்டு நகர்வது. டெஸ்ட் தோற்றதைக் காட்டும் சிவப்பைக் குழு கண்டுகொள்ளாமல் போகப் பழகிவிடும். அந்த நேரம் பார்த்து உண்மையான பக் (மென்பொருள் பிழை) ஒன்று நழுவி வாடிக்கையாளரிடம் போகும். எதைச் சரிசெய்வது, எதைத் தூக்கி எறிவது என்ற தெளிவு ஒரே மென்பொருளோடு நீண்ட நாள் இருந்தால்தான் வரும். நேர்காணலில் 'உங்கள் டெஸ்ட் ஏன் தோற்றது?' என்று கேட்டால் பதில் கையில் இருக்கும்.

அப்ரென்டிஸ்ஷிப்பும் கெட்டுப்போகலாம். ரிலீஸ் நெருக்கடியில் முதலில் காணாமல் போவது படிப்பு நேரம். அது சம்பளம் வாங்கும் வேலை நேரத்துக்குள்தான் தரப்பட வேண்டும்; வாரத்தில் ஒரு நாளைக் காலண்டரில் பூட்டி வையுங்கள். இன்னொரு ஆபத்து, 2 ஆண்டும் வேறு யாரோ எழுதிய ரிக்ரெஷன் (பழைய வசதிகள் இன்னும் வேலை செய்கின்றனவா என்ற மறுசோதனை) பட்டியலைக் கையால் டிக் அடித்தே கழிவது. அப்படியானால் இறுதி மதிப்பீட்டுக்குக் காட்டச் சான்றுகளே இருக்காது. பக் அறிக்கை, டெஸ்ட் திட்டம், உங்கள் கோட் மீதான ரிவ்யூ கருத்துகள் என வந்ததை வந்த வாரமே சேமியுங்கள், வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு.

ஏற்கெனவே வேறு ஐடி வேலையில் இருந்து, அங்கேயே டெஸ்டிங் குழுவுக்கு மாற வாய்ப்புள்ளவருக்குச் சான்றிதழே போதும் என்று நினைக்கிறேன். பராமரிக்க அவருக்கு உண்மையான மென்பொருள் கிடைத்துவிடும். மற்றவர்கள் கையெழுத்திடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: படிப்பு நாள் எது, நான் எழுதும் கோட் வரிகளை ரிவ்யூ செய்வது யார், ஆட்டோமேஷனை (தானாக ஓடும் டெஸ்ட்களை) எந்த மாதம் என்னிடம் ஒப்படைப்பீர்கள்? மூன்றாவதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.