தினமும் ‘யெஸ்’ அழுத்துவதா, ஃபோல்டருக்கு அனுமதி கொடுப்பதா?

பழைய பில்லிங் புரோகிராம் ஒன்று. டபுள் கிளிக் செய்தால் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். ரைட் கிளிக் செய்து, முழு அதிகாரத்தோடு ஓடவிடும் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்தால் சமர்த்தாக ஓடும். விண்டோஸில் இதைச் சமாளிக்க இரண்டு வழி.

ஒன்று, அந்த புரோகிராமின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி டேபுக்குப் போய், எப்போதும் அட்மினாகவே ஓடும்படி டிக் செய்வது. அரை நிமிட வேலைதான். ஆனால் திறக்கும்போதெல்லாம் அனுமதிப் பெட்டி எட்டிப்பார்க்கும். ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட் என்றால் அட்மின் பாஸ்வேர்டே கேட்கும். எக்ஸ்ப்ளோரரிலிருந்து ஃபைலை இழுத்துப் போட்டால் வாங்காது. மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் சில சமயம் கண்ணிலேயே படாது. இதெல்லாம் டிக் செய்த அன்றைக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இன்னொன்று, எங்கே முட்டுகிறது என்று பார்ப்பது. எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடுகிறது என்று வரிவரியாகக் காட்டும், மைக்ரோசாஃப்டின் இலவச பிராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, ரிசல்ட்டில் ‘ஆக்சஸ் டினைட்’ (அனுமதி மறுப்பு) வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். அநேகமாக, புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் தன் செட்டிங்ஸ் ஃபைலில் எழுதப் போய் அடிவாங்கியிருக்கும். எல்லோரும் அட்மினாகவே உட்கார்ந்திருந்த எக்ஸ்பி காலத்துப் பழக்கம் அது. அடுத்து வந்த விஸ்டா, அந்த அனுமதிப் பெட்டியைக் காட்டும் யுஏசியோடு வந்ததும் செல்லாமல் போனது.

டேட்டா இருக்கும் இடத்தை மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் அந்த டேட்டா ஃபோல்டருக்கு மட்டும், செக்யூரிட்டி டேபில் யூசர்ஸுக்கு ‘மாடிஃபை’ கொடுங்கள். ‘ஃபுல் கன்ட்ரோல்’ வேண்டாம். புரோகிராமை ஓட்டும் இஎக்ஸ்இ ஃபைல் இருக்கும் ஃபோல்டரையே திறந்துவிட்டால், அதை எந்த மால்வேரும் மாற்றி வைத்துவிடும்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. டிரைவரையோ டிஸ்க் பார்ட்டிஷனையோ தொடும் டூல் என்றால் பேச்சே இல்லை, முதல் வழிதான்.