தடங்கலுக்கு வருந்தாத பெட்டி

விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று தோழி கேட்டாள். டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் செட்டாப் பாக்ஸைப் பற்றிக் கேட்கிறாள். என் வீட்டில் இருப்பது அதே மாடல். பல வருடங்களாகத் தினமும் ஓடுகிறது. அண்மையில்தான் ஹார்டு டிஸ்க் மாற்றினேன். எத்தனை ட்யூனர், எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கும், அதை விட்டுவிடுகிறேன். கூடவே இருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இது.

நான் இதை வாங்கியது பீரியட் டிராமாவுக்காக. பழைய மாளிகை, குதிரை வண்டி, மெழுகுவர்த்தி வெளிச்சம், சொத்து யாருக்குப் போகும் என்ற கவலை, இவ்வளவு இருந்தால் எனக்குப் போதும். இந்த வகைத் தொடர்கள் ஆற அமரத்தான் நடக்கும். முக்கால் மணி நேரம் தேநீர் குடிப்பார்கள், கடிதம் எழுதுவார்கள், ஜன்னலோரம் நிற்பார்கள். கடைசியில் ஒரு தந்தி வரும், எல்லாம் தலைகீழாகிவிடும். அந்தக் கடைசியைத்தான் இந்தப் பெட்டி வெட்டிவிடுகிறது.

எப்போதும் இல்லை. தொடருக்கு முன்னால் நேரடி ஒளிபரப்பு ஏதாவது இருந்து, அது இழுத்துக்கொண்டே போனால் இப்படி ஆகும். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது, தொடர் பத்து நிமிடம் தள்ளித் தொடங்குகிறது. பெட்டியோ ஒன்பது மணிக்குப் பதிய ஆரம்பித்துப் பத்து மணிக்கு நிறுத்திவிடுகிறது. போட்டுப் பார்த்தால் முன்னால் பத்து நிமிடம் ஆட்டத்தைப் பற்றிய அலசல், பின்னால் மொட்டையாக நிற்கும் கதை.

'டவுன்டன் அபி' என்ற பிரிட்டிஷ் தொடரைப் பார்த்தவர்களுக்கு இதன் வலி உடனே புரியும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு தொடங்கும் கதை அது. முதல் சீசன் 1914 ஆகஸ்டில் ஒரு தோட்ட விருந்தில் முடிகிறது. எல்லோரும் புல்வெளியில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது தந்தி வருகிறது. மாளிகைக்குச் சொந்தக்காரரான பிரபு எல்லோரையும் அமைதிப்படுத்தி, ஜெர்மனியோடு போர் தொடங்கிவிட்டது என்று அறிவிக்கிறார். மறுஒளிபரப்பில் இதைப் பதிந்தேன். என் பெட்டியில் விருந்து இருந்தது, போர் இல்லை.

அதைவிட மோசம், அதே மறுஒளிபரப்பில் 2012 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுக்கு நடந்தது. பிரபுவின் மூத்த மகள் மேரிக்கு மகன் பிறக்கிறான். அவள் கணவன் மேத்யூ மருத்துவமனைக்கு வந்து குழந்தையைக் கையில் வாங்கிப் பார்க்கிறான். பிறகு பூரிப்போடு காரை ஓட்டிக்கொண்டு திரும்புகிறான். எதிரே ஒரு லாரி. அத்துடன் அவன் கதை முடிகிறது. அந்த விபத்து வருவதே எபிசோடின் கடைசியில்தான். என் பதிவு, அவன் குழந்தையை வைத்திருக்கும் இடத்தோடு நின்றுவிட்டது. அன்று நான் வெளியூரில் இருந்தேன். வீட்டில் அத்தை அதைப் பார்த்துவிட்டு, குழந்தை பிறந்தது, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

அடுத்த வாரம் நான்காவது சீசனைச் சேர்ந்து பார்க்க உட்கார்ந்தோம். கதை ஆறு மாதம் தள்ளி, 1922இல் தொடங்குகிறது. மேரி கறுப்பு உடையில், பிடிப்பே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு எதுக்குக் கறுப்பு கட்டியிருக்கா? அவ புருஷன் எங்கே?"

படத்தை நிறுத்திவிட்டு நான் சொல்ல வேண்டியதாயிற்று. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "குழந்தையத் தூக்கிப் பாத்துட்டான்ல" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கடைசி நிமிடங்கள் போனால் அது வேறு கதை. எழுதியவர்கள் ஒன்றை எழுத, என் வீட்டுப் பெட்டி அத்தைக்கு இன்னொன்றைக் காட்டியிருக்கிறது. இதைச் சின்னக் குறை என்று என்னால் ஒதுக்க முடியாது.

ஏன் இப்படி நடக்கிறது? டிஜிட்டல் ஒளிபரப்பில் படத்தோடு நிகழ்ச்சி விவரமும் சேர்ந்துதான் வருகிறது. அதில் வரும் நாட்களுக்கான அட்டவணை ஒன்று. 'கைடு' பொத்தானை அழுத்தினால் திரையில் தெரிவது. இப்போது ஓடுவது எது, அடுத்தது எது என்று சொல்லும் விவரம் இன்னொன்று. ஆட்டம் நீண்டால் சேனல்காரர்கள் இந்த இரண்டாவதை அவ்வப்போது திருத்தி அனுப்ப முடியும். அதைக் கவனிக்கிற பெட்டியாக இருந்தால், தொடர் உண்மையிலேயே தொடங்கும்போது தொடங்கி, முடியும்போது நிறுத்தும். பிரிட்டனில் ஃப்ரீவியூ என்ற இலவச டிவி சேவைக்கான ரெக்கார்டர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. என் பெட்டி அந்தப் பக்கமே திரும்புவதில்லை. நான் பதிவு போட்டபோது அட்டவணையில் இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, கடிகாரத்தைப் பார்த்து வேலையை முடித்துவிடுகிறது.

கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் 1985லேயே, வீடியோ கேசட் காலத்தில், இதற்கு விபிஎஸ் என்று ஒரு முறை கொண்டுவந்துவிட்டார்கள். படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியில் நிகழ்ச்சியின் அடையாளம் போகும். நிகழ்ச்சி தாமதமானால் ரெக்கார்டர் காத்திருக்கும். கேசட்டில் தீர்ந்த சிக்கல் இத்தனை வருடம் கழித்து என் வீட்டில் ஏன் உயிரோடு இருக்க வேண்டும்?

செட்டிங்கில் 'முடிவில் கூடுதல் நிமிடங்கள்' என்று ஒன்று இருக்கிறது. அதிகபட்சம் பத்து. ஆட்டம் அரை மணி நேரம் இழுத்தால் அந்தப் பத்தால் பயனில்லை. எல்லாப் பதிவுக்கும் பத்து பத்தாகக் கூட்டினால் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, ஏதாவது ஒரு பதிவு சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. தயாரித்தவர்களுக்கு எழுதினேன். அடுத்த அப்டேட்டில் பார்ப்பதாகப் பதில் வந்தது. அப்டேட்கள் வந்தன, இது மட்டும் அப்படியே இருக்கிறது.

மற்றதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ரிமோட்டில் பத்து விநாடி பின்னால் தாவும் பொத்தான் ஒன்று இருக்கிறது. வாங்கும்போது நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இன்று அந்த ஒரு பொத்தானில்தான் எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. அடுக்களைப் பணியாளர்களின் யார்க்‌ஷர் உச்சரிப்பு முதல் தடவையில் காதில் விழாது. ஒரு தட்டு, மறுபடி கேட்கலாம். மேகி ஸ்மித் முதிய சீமாட்டியாக வந்து போகிற போக்கில் வீசும் குத்தல் பேச்சு ஒவ்வொன்றையும் அத்தை இரண்டாம் முறை கேட்காமல் விடமாட்டார். சப்டைட்டிலும் பதிவோடு சேர்ந்து பதிவாகிறது, வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். இது எல்லாப் பெட்டியிலும் கிடைக்காது.

படமும் அப்படித்தான். வரும் சிக்னலை மறுபடி சுருக்காமல் அப்படியே எழுதிவைக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்த காட்சிகள் 'வுல்ஃப் ஹால்' தொடரில் நிறைய. 2015இல் வெளியானபோது ஒரே இருட்டாக இருக்கிறது என்று பார்வையாளர்கள் குறைப்பட்டார்கள். என் பதிவில் அந்த இருட்டுக்குள் முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. (டிவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் பதினாறாம் நூற்றாண்டு அரண்மனை ஸ்டுடியோ செட் மாதிரி ஆகிவிடும்.)

விளம்பரத் தொல்லைக்கும் இதில் நல்ல வழி உண்டு. ஒன்பது மணித் தொடரை ஒன்பதே காலுக்குத்தான் பார்க்க உட்காருவோம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலிலிருந்து பார்க்கலாம். இடைவேளைகளைத் தாண்டித் தாண்டிப் போனால் முடியும் நேரத்தில் ஒளிபரப்பை எட்டிப்பிடித்துவிடலாம். இது எனக்குப் பெரிய விடுதலை. 'டவுன்டன்' விளம்பரம் உள்ள ஐடிவி சேனலுக்காக எழுதப்பட்டது, அதனால் இடைவேளை வரும் இடங்கள் கதையிலேயே இருக்கும். விளம்பரமே இல்லாத பிபிசியின் தொடர்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. வேறு சேனல்கள் அவற்றை வாங்கிப் போடும்போது நினைத்த இடத்தில் கத்தரி வைக்கிறார்கள். 1995இல் வந்த 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' தொடரில் நாயகன் டார்சி காதலைச் சொல்ல வந்து, உட்கார்ந்து, எழுந்து, அறைக்குள் நடக்கிறான். வாயைத் திறக்கப்போகும் நேரத்தில் சோப்பு விளம்பரம் போட்டார்கள். அந்த இடத்தில் வேகமாகத் தாண்டும் பொத்தானைக் கொடுத்த இந்தப் பெட்டிக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ரிப்பேரைப் பற்றி: டிஸ்க் போனால் பதிவுகளும் போச்சு. பூட்டிய வடிவில் எழுதுவதால் வேறு எதிலும் போட்டு எடுக்க முடியாது. புது டிஸ்க் போட்டபின் சத்தம் குறைந்திருக்கிறது.

ஓடிடி இருக்கும்போது இது எதற்கு என்று தோழி அடுத்துக் கேட்பாள். 'தி கிரவுன்' தொடரை நானும் அங்கேதான் பார்த்தேன். ஆனால் உரிமம் முடிந்ததும் தொடர்கள் அங்கிருந்து காணாமல் போகின்றன. அத்தைக்கோ வாரம் ஒன்று என்று பார்த்து, நடுவில் ஆறு நாள் அதைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கும் அது பிடித்துவிட்டது.

சரி, வாங்கலாமா? நான் பார்த்த பெட்டிகளில் படத்துக்கும் சப்டைட்டிலுக்கும் அந்தப் பொத்தானுக்கும் இதை மிஞ்ச ஒன்றில்லை. என்னுடையதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். தோழிக்கு எழுதிய பதில் மட்டும் இதுதான்: வாங்காதே. நேற்றுத்தான் 'கால் தி மிட்வைஃப்' எபிசோடின் வாலை வெட்டியிருக்கிறது. வனெசா ரெட்கிரேவ் குரல் வந்து கதையை முடித்துவைக்கும் அந்தப் பகுதி எனக்குக் கிடைக்கவில்லை. போன வாரம் கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேனோ என்னவோ, இன்று என்னால் முடியாது.

விலையைப் பார்த்து வாங்கியே தீருவாய் என்றால், தொடருக்கு அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவு போட்டுவிடு. செய்தியோ சமையலோ, எதுவானாலும் சரி. வெட்டுப்பட்ட கதையின் மிச்சம் அதன் தொடக்கத்தில் இருக்கும். பட்டியலில் வேறு பெயரில் கிடக்கும், தெரியாமல் அழித்துவிடாதே.