உயிர் வராத பழைய லேப்டாப்: மாற்றிப் பார்ப்பதா, மல்டிமீட்டரா, டிசி பவர் சப்ளையா?

லேப்டாப்பின் பவர் பட்டனை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. இந்தக் கோளாறைத் தேட மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு: பாகங்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பது, மல்டிமீட்டரால் அளப்பது, டிசி பவர் சப்ளையில் (வோல்ட்டையும் ஆம்பியர் வரம்பையும் நாமே வைத்துக்கொள்ளும் மின்பெட்டி) செருகிப் பார்ப்பது. உதாரணத்துக்கு, 2011-ல் வந்து இன்றும் செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டிருக்கும் டெல் லாட்டிடியூட் இ6420-ஐ வைத்துக்கொள்வோம். (விளக்கு எரிந்து திரை மட்டும் கறுத்திருந்தால் அது வேறு நோய். ராமைக் கழற்றி மாட்டுவதற்கு அங்கேதான் அர்த்தம் உண்டு, இங்கே இல்லை.)

எந்த வழிக்கும் முன்னால் காசில்லாத வேலை ஒன்று. சார்ஜர், பேட்டரி இரண்டையும் கழற்றி, பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகுங்கள். கெட்டுப்போன பேட்டரிதான் மறிக்கிறது என்றால் இதிலேயே தெரிந்துவிடும்.

மாற்றிப் போட்டுப் பார்ப்பது சார்ஜருக்கு மட்டும் முதல் தரமான சோதனை. பழைய சார்ஜர் சும்மா கிடக்கும்போது மீட்டரில் 19.5 வோல்ட் அழகாகக் காட்டும். லோடு ஏறியதும் படுத்துவிடும். இந்த இடத்தில் மீட்டர் ஏமாறும், அதே மாடலுக்கான இரவல் சார்ஜர் ஏமாறாது. இரவல் கிடைக்காவிட்டால் 10 ஓம், 50 வாட் மின்தடையைச் சார்ஜரின் முனைகளில் பத்து விநாடி இணைத்து அளக்கலாம். சுமார் 2 ஆம்பியர் இழுக்கும், நன்றாகவே சுடும், கையில் பிடிக்காதீர்கள். அப்போதும் 19 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றால் சார்ஜர் நல்லது. சார்ஜரைத் தாண்டியும் மாற்றிக்கொண்டே போவது பணத்தைக் கரைக்கும் வழி. ஒரு கெபாசிட்டர் ஷார்ட்டுக்கு (மின்சாரம் நேராகக் கிரவுண்டுக்கு ஓடிவிடும் கோளாறு) மதர்போர்டையே மாற்றியவர்கள் ஏராளம்.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பஸ்ஸர் (இரு முனைகளும் மின்தடையின்றி இணைந்திருந்தால் ஒலிப்பது) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவு மீட்டரில் ஒரு குழப்பம் உண்டு. 20 வோல்ட் ரேஞ்சில் அது 19.99 வரைதான் காட்டும். லெனோவோ திங்க்பேட் சார்ஜர் 20.1 கொடுத்தால் திரையில் வெறும் '1' நிற்கும். மீட்டர் கெட்டுவிடவில்லை, ரேஞ்சை 200-க்கு மாற்றினால் போதும். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போனால் மட்டும் சார்ஜரையே ஷார்ட் செய்துவிடுவீர்கள்.

ஷார்ட் பார்க்கும்போது சார்ஜர், பேட்டரி இரண்டும் விலகியிருக்க வேண்டும். ஜாக்கில் பஸ்ஸர் அடிக்கவில்லை என்பதால் போர்டில் ஷார்ட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஜாக்கை அடுத்து எட்டுக் கால் மாஸ்ஃபெட் (மின்சாரத்தை விடவோ தடுக்கவோ செய்யும் சிறு சிப்) ஒன்று கதவு போல நிற்கும். ஷார்ட் பெரும்பாலும் அதற்கு அந்தப் பக்கம். R010 என்று எழுதிய மின்தடையில் ஒரு முனை, ஸ்க்ரூ துளையின் கிரவுண்டில் மறுமுனை வைத்து அளங்கள். 0 ஓமை ஒட்டி வந்தால் 19 வோல்ட் லைனில் ஷார்ட். போர்டுக்குள் 3.3, 5 வோல்ட் வெளிவரும் காயில்களையும் (கம்பிச்சுருள்) இப்படியே பார்க்கலாம். பிராசஸருக்குப் பக்கத்துக் காயில்களில் ஓரிரு ஓம் வருவது இயல்பு. அதைப் பார்த்து 'பிராசஸர் ஷார்ட்' என்று சொல்வது கடைத்தெருவில் அடிக்கடி காதில் விழும் தவறான தீர்ப்பு.

வெளிச்சப் புள்ளியுள்ள டெல் சார்ஜர் கையில் இருந்தால் மீட்டருக்கு முன்பே ஒரு துப்பு கிடைக்கும். லேப்டாப்பில் செருகிய உடனே அந்த விளக்கு அணைந்து, பிடுங்கி மெயினை ஒருமுறை அணைத்துப் போட்டதும் மீண்டும் எரிந்தால், ஷார்ட் லேப்டாப் பக்கம்தான் (ஜாக்கோ, போர்டோ).

டிசி பவர் சப்ளைக்குச் சில ஆயிரம் ஆகும். ஒரே ஒரு லேப்டாப்புக்காக வாங்குவது வீண். ஆனால் மாதம் பத்து போர்டு பார்ப்பவருக்கு இதைப் போல வேகமான கருவி இல்லை. 19.5 வோல்ட், ஆம்பியர் லிமிட் 1 என்று வைத்துச் செருகுங்கள். ஆம்பியர் 0.00-லேயே நின்றால் மின்சாரம் போர்டுக்குள் நுழையவே இல்லை: ஜாக், ஃப்யூஸ் அல்லது முதல் மாஸ்ஃபெட். 0.01 முதல் 0.03 வரை காட்டினால் ஸ்டாண்ட்பை (பட்டனுக்காகக் காத்திருக்கும் பகுதி) உயிரோடு இருக்கிறது. லிமிட்டில் முட்டி வோல்ட் சரிந்தால் ஷார்ட். பட்டனை அழுத்தியதும் ஏறி, உடனே விழுந்தால் துணை லைன் ஏதோ ஒன்றில் கோளாறு. ஷார்ட்டான லைனில் 1 வோல்ட் மட்டும் விட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவினால், குற்றவாளிக் கெபாசிட்டர் மேல் அது முதலில் காய்ந்துவிடும்.

டெல் பின்னில் வெளிச்சுற்று கிரவுண்ட், உள்சுற்று 19.5 வோல்ட், நடு ஊசி சார்ஜரை அடையாளம் காட்டுவது. சப்ளையில் அந்த அடையாளம் வராது. லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது, பிராசஸரும் மெதுவாகும். அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். வயரைத் தலைகீழாகக் கொடுத்தால் நல்ல போர்டும் போய்விடும்.

ஆம்பியர் 0.02-ல் நிற்கிறது, 3.3-ம் 5-ம் சரியாக வருகின்றன, பட்டனை அழுத்தும்போது அதன் 3.3 வோல்ட் சிக்னலும் 0-வுக்கு இறங்குகிறது, ஆனாலும் உயிர் வரவில்லை என்றால் சந்தேகம் ஈசி சிப் (பட்டனைக் கவனித்து மின்சாரத்தைத் திறந்துவிடும் சிப்), பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பக்கம் போகிறது. அதற்கு புரோகிராமரும் (சிப்பில் மென்பொருளை எழுதும் கருவி) அந்தப் போர்டின் ஸ்கீமேட்டிக்கும் (மின்சுற்று வரைபடம்) வேண்டும். மேலே சொன்ன மூன்றும் அதுவரைதான்.