ஐபோன் 13, 128 ஜிபி: மிச்சம் பிடித்த பத்தாயிரம் ரூபாய்

2021 செப்டம்பரில் ஐபோன் 13 வெளிவந்தபோது, இந்தியாவில் அதன் 128 ஜிபி மாடல் 79,900 ரூபாய்க்கும் 256 ஜிபி மாடல் 89,900 ரூபாய்க்கும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஐபோன் 12 இதே 79,900 ரூபாய்க்கு 64 ஜிபி மட்டுமே தந்திருந்ததால், இருமடங்கு இடம் கிடைக்கிறதே என்ற நிறைவில் 128 ஜிபியை வாங்கினேன். கேமராவிலும் வேகத்திலும் இன்றுவரை எனக்குக் குறையில்லை. தப்பியது என் கணக்குதான்.

வாங்கும்போது செயலிகளை எண்ணிப் பார்த்தேனே தவிர, வீடியோவை எண்ணவில்லை. 4கே தரத்தில் வினாடிக்கு 30 ஃபிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி ஆகிறது. 60 ஃபிரேம் வைத்தால் அதுவே 400 எம்பியைத் தொடுகிறது. உறவினர் கல்யாணத்தில் ஒன்றரை மணி நேரம் எடுத்த வீடியோவே 36 ஜிபியை அடைத்துக்கொண்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் விடியும் முன்பே வந்து குவியும் காலை வணக்கப் படங்கள் தனிக் கணக்கு. மகளின் பள்ளி ஆண்டு விழாவில் அவள் மேடையேறி இரண்டு நிமிடம்கூட ஆகாத நிலையில், இடம் நிரம்பிவிட்டது என்று பதிவு நின்றுபோனது. இருட்டில் உட்கார்ந்து எதை அழிப்பது என்று தேடி முடிப்பதற்குள் கைதட்டல் கேட்டுவிட்டது.

ஐபோனில் மெமரி கார்டு போட இடமில்லை என்பதால் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடை நாடினேன். இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி எதற்கும் காணாது. 200 ஜிபிக்கு மாதம் 219 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குக் கூட்டினால் 10,512 ரூபாய் ஆகிறது, அதாவது வாங்கும்போது நான் மிச்சம் பிடித்த தொகையைவிட 512 ரூபாய் அதிகம். போன் தொலைந்தாலும் படங்கள் பிழைக்கும் என்பதால் அந்தப் பணத்தை வீண் என்று சொல்லமாட்டேன்; ஆனாலும், விரும்பிச் சந்தா கட்டுவது வேறு, போனில் இடமில்லாததால் நிறுத்த முடியாமல் கட்டுவது வேறு.

புதுப் போன் வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளரைக் கேட்பதைவிட, பழைய போனின் செட்டிங்ஸில் சேமிப்பிடப் பகுதியைத் திறந்து, இதுவரை நிரம்பிய அளவைப் பயன்படுத்திய ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பது நல்லது. ஆண்டுக்கு 25 ஜிபி சேர்கிறவருக்கு 128 ஜிபி நான்காம் ஆண்டிலேயே மூச்சுத் திணறும், ஏனெனில் இயங்குதளத்துக்கும் செயலிகளுக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது.

டேப்லெட்டில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. பாடம் படிக்கவும் ஆன்லைனில் படம் பார்க்கவும் அடிப்படை அளவே பெரும்பாலும் போதும். லேப்டாப்தான் கவனிக்க வேண்டியது. 2022இல் வந்த ஆப்பிளின் எம்2 மேக்புக் ஏர் லேப்டாப்பின் 256 ஜிபி மாடலில், இரண்டுக்குப் பதிலாக ஒரே நினைவகச் சிப் இருந்ததால் அதன் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) வேகம் 512 ஜிபி மாடலைவிடக் கணிசமாகக் குறைந்தது. சிறிய கொள்ளளவு என்றால் இடம் மட்டும்தான் குறையும் என்று நினைத்திருந்த எனக்கு இது புதிய பாடம். எஸ்எஸ்டியைக் கழற்றி மாற்றும் வசதியுள்ள விண்டோஸ் லேப்டாப்பாக இருந்தால் குறைந்த அளவில் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். போர்டிலேயே பற்றவைத்த மாடலில் அதற்கு வழியில்லை.

இன்று செகண்ட்ஹேண்டில் ஐபோன் 13 வாங்குகிறவர்களுக்கு, வீடியோ எடுக்கும் பழக்கம் இல்லாவிட்டால் மட்டுமே 128 ஜிபியைப் பரிந்துரைப்பேன். 2025இல் வந்த ஐபோன் 17 தொடங்குவதே 256 ஜிபியில்தான்.