பழைய லப்டொப்புக்கு எந்தப் பற்றரி: ஒரிஜினலா, கொம்பேட்டிபிளா, வேறு வழியா?

மட்டக்களப்பில் திருகோணமலை வீதிக் கடைகளில் ஏறினாலும் சரி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் போனாலும் சரி, லப்டொப்புக்குப் பற்றரி வேண்டும் என்றதும் வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஒரிஜினலா, கொம்பேட்டிபிளா அண்ணன்?" ஒரிஜினல் என்றால் லப்டொப் கொம்பனியே தருவது, கொம்பேட்டிபிள் என்றால் அந்த மெஷினுக்குப் பொருந்தும்படி வேறு யாராவது செய்தது. போன வருடம் வாங்கிய மெஷினுக்கு அது சரியான கேள்வி. ஏழெட்டு வருடம் ஓடிய மெஷினுக்கு அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்க வேண்டும்: பற்றரிக்குள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் செல் எப்போது செய்தது? லிதியம் அயன் செல் பாவித்தாலும் தேயும், பாவிக்காமல் பெட்டிக்குள் கிடந்தாலும் தேயும். நம்முடைய ஊர் வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே உள்ள ஸ்டோரில் கிடந்தால் இன்னும் வேகமாகத் தேயும். மேலே எந்தக் கொம்பனியின் ஸ்டிக்கர் இருந்தாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

அதற்கு முன் பற்றரிதான் பழுதா என்று பார்த்துவிடுங்கள். டெல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். டெல் சார்ஜரின் வட்ட முனைக்கு நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அந்தச் சார்ஜர் டெல் உடையதுதானா, எத்தனை வாட் என்பதை மெஷின் அந்த ஊசி வழியாகத்தான் அறிகிறது. ஊசி வளைந்தாலோ, உள்ளே அந்த மெல்லிய வயர் அறுந்தாலோ மெஷின் கரண்டில் ஓடும், பற்றரி மட்டும் சார்ஜ் ஏறாது. புதுப் பற்றரி வாங்கிப் போட்டாலும் ஏறாது. யாரிடமாவது ஒத்த சார்ஜர் ஒன்றைக் கடன் வாங்கிக் குத்திப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

சார்ஜர் சரியென்றால் அடுத்தது ரிப்போர்ட். விண்டோஸ் 8இலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பற்றரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு கோப்பு உருவாகும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: பற்றரி புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் அளவு. 41,000 இருந்த இடத்தில் 15,000 நிற்கிறதென்றால் பேச்சுக்கு இடமில்லை, மாற்ற வேண்டியதுதான். 33,000 நிற்கிறதென்றால் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றுவதென்று முடிவு. லப்டொப் மொடலைச் சொல்லி வாங்குவதைவிடப் பழைய பற்றரியைக் கழற்றிக் கையில் கொண்டுபோவது நல்லது. பற்றரியின் கோட் எண் அதில்தான் அச்சடித்திருக்கும். ஒரே மொடல் பெயரில் இரண்டு மூன்று வகைப் பற்றரி வருவது சாதாரணம். எச்பி 15 வரிசையில் சில மெஷின்கள் எச்எஸ்03, எச்எஸ்04 இரண்டையும் ஏற்கும். முதலாவது மூன்று செல், இரண்டாவது நான்கு செல். டெல் இன்ஸ்பிரன் 3521க்கு 14.8 வோல்ற், 40 வாட் அவர் பற்றரியும் வந்தது, 11.1 வோல்ற், 65 வாட் அவர் பற்றரியும் வந்தது. வாட் அவர் என்பது பற்றரி எவ்வளவு மின்சக்தியைச் சேமிக்கும் என்ற அளவு. இரண்டும் ஒரிஜினல், இரண்டும் பொருந்தும். ஆகவே வோல்ற் மாறினால் மெஷின் எரிந்துவிடும் என்று கடையில் யாராவது பயம் காட்டினால் அது முழு உண்மை இல்லை. கொம்பனி தன் பட்டியலில் இரண்டையும் ஒரே மெஷினுக்குப் போட்டிருந்தால் மட்டும் சரி, மற்றப்படி பழையதன் வோல்ற்றையே பிடித்துக்கொள்ளுங்கள். 10.8க்கும் 11.1க்கும் மட்டும் பயப்பட வேண்டாம். மூன்று செல்லைத் தொடராகக் கோர்த்ததுதான் இரண்டும். ஒருவர் ஒரு செல்லை 3.6 என்று எழுதுகிறார், இன்னொருவர் 3.7 என்கிறார்.

இனி ஒவ்வொன்றாக.

ஒரிஜினலைப் பற்றி ஊரில் ஒரு பக்தியே இருக்கிறது. புதிய மெஷினுக்கு அது நியாயம். பழைய மொடலுக்குக் கொம்பனியே பற்றரி செய்வதை நிறுத்தியிருக்கும். அப்படியானால் இன்றைக்கு சீல் உடைக்காமல் கிடைக்கும் "ஒரிஜினல்" பல வருடம் கிடந்த சரக்கு, இல்லாவிட்டால் ஒரிஜினல் ஸ்டிக்கர் ஒட்டிய கொப்பி. முந்தையதற்குக் கொம்பேட்டிபிளைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து, முதல் நாளே தேய்ந்த செல்லை வாங்குவோம். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. டெல் லேபிளில் பார்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள நீண்ட எண்ணில் மூன்று எழுத்துத் துண்டு ஒன்று வரும். முதலாவது வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம், மூன்றாவது நாள். ஒக்டோபருக்கு ஏ, நவம்பருக்கு பி, டிசம்பருக்கு சி. "5ஏ7" என்றிருந்தால் 2015 ஒக்டோபர் 7. பத்து வருடத்துக்கு ஒருமுறை இலக்கம் திரும்பி வரும் என்பதால் 2025 ஆகவும் இருக்கலாம். மொடலின் வயதைப் பார்த்தால் எதென்று விளங்கிவிடும். கொப்பியைப் பிடிப்பது இன்னும் லேசு. அதே வகையில் இரண்டு பெட்டி எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான ஒரிஜினலில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண். இரண்டிலும் ஒரே எண் என்றால் அச்சகத்தில் ஒரே பிளேட்டில் அடித்த லேபிள்.

ஒரிஜினலை விட்டால் வழியில்லாத மெஷின்களும் இருக்கின்றன. லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230, டி430 காலத்திலிருந்து, அதாவது 2012 முதல், அந்த வரிசை மெஷின்கள் பற்றரியிடம் அடையாளம் கேட்கும். பதில் பிடிக்காவிட்டால் இந்தப் பற்றரிக்கு ஆதரவில்லை, சார்ஜ் ஏற்ற மாட்டேன் என்று திரையிலேயே எழுதிவிடும். கைமாறி வந்த திங்க்பேட் வைத்திருப்பவர்கள் கடையிலேயே மாட்டி, மெஷினைத் தொடக்கி, சார்ஜ் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காசை எடுக்க வேண்டும்.

கொம்பேட்டிபிளில்தான் பேச நிறைய இருக்கிறது. நல்லதும் இதில் உண்டு, மகா மோசமும் இதில் உண்டு, பெட்டி இரண்டுக்கும் ஒரே மாதிரி. நல்ல பக்கம்: ஓடித் திரியும் மொடல் என்றால் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள், ஆகவே செல் புதிதாக இருக்க வாய்ப்பு அதிகம். கெட்ட பக்கம்: லேபிளில் எழுதியிருக்கும் எண்ணுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அந்தப் பொய்யை ஒரு கணக்கில் பிடிக்கலாம். வெளியே கழற்றக்கூடிய தடித்த பற்றரிகளில் பெரும்பாலும் 18650 என்ற உருளைச் செல்தான் இருக்கும். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். லப்டொப் பற்றரியில் போடும் 18650 எவ்வளவு நல்லதென்றாலும் பொதுவாக 3500 மில்லி அம்பியர் அவர் கொள்ளளவில்தான் வந்து நிற்கும். சாதாரணமாக வருவது 2200, 2600. நான்கு செல், 14.8 வோல்ற் பற்றரியில் நான்கும் ஒரே தொடரில் இருப்பதால் முழுப் பற்றரிக்கும் அதே 2200 அல்லது 2600தான். அதன் மேல் 5200 என்று எழுதியிருந்தால் பச்சைப் பொய். ஆறு செல், 10.8 வோல்ற் பற்றரியில் இரண்டிரண்டாகச் சேர்வதால் 4400, 5200 எல்லாம் நியாயமானவை. 7800 என்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு சோதனை நிறை. ஒரு செல் கிட்டத்தட்ட 45 கிராம். ஆறு செல் பற்றரி 300 கிராமை நெருங்காவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யோசிக்க வேண்டும். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசு இதற்குத் தாராளம். பழையதையும் புதியதையும் மாறி மாறி வைத்துப் பாருங்கள்.

வாங்கிய பிறகு ரிப்போர்ட்டில் அழகான எண் வந்தது என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. பற்றரிக்குள் இருக்கும் சிப்புக்கு என்ன எழுதிக் கொடுத்தார்களோ அதைத்தான் அது சொல்லும். ஒருமுறை முழுதாக ஏற்றி, வீடியோ ஒன்றை ஓடவிட்டு, தானாக அணையும்வரை நேரம் பாருங்கள். இலேசான வேலையில் பழைய மெஷின் ஒன்று 15 வாட் அளவு தின்னும் என்று வைத்தால், 40 வாட் அவர் பற்றரி இரண்டரை மணி நேரம் தாங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் விழுந்தால் வாரண்டிக் காலத்துக்குள் கொண்டுபோய் மேசையில் வைக்கலாம். இதனால்தான் நான் நகரத்துக் கடையை விரும்புகிறேன். விலை கொழும்பைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சண்டை பிடிக்கலாம், அதற்கான கூலி என்று நினைத்துக்கொள்வேன். பில்லில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாரண்டியை எழுதி, கடை முத்திரையும் குத்தி வாங்குங்கள். வாய்ச்சொல் வாரண்டி போன் நம்பர் மாறும்வரைதான்.

கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம். ஊரில் இல்லாத கோட் எண் அங்கே கிடைக்கும், யாராவது உதயதேவி ரயிலில் போய் வருவதென்றால் சொல்லி அனுப்பலாம். வாரண்டிக்கும் அதே உதயதேவிதான், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் ஓடர் போடுவது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. விலை மலிவாகத் தெரியும். ஆனால் தனியாக அனுப்பும் லிதியம் அயன் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரலிலிருந்து தடை. சரக்கு விமானத்தில் ஏற்றுவதானாலும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. அதனால் பொதி சுற்றுப்பாதையில் வரும், சில நேரம் வரவே வராது. வந்தது பழுதென்றால் கதை முடிந்தது, ஏனென்றால் பழுதான லிதியம் பற்றரியை விமானத்தில் திருப்பி அனுப்ப எந்த வழியும் இல்லை.

அதைவிட நம்மவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. கட்டாரிலோ துபாயிலோ வீட்டுக்கு ஒருவர் இருக்கிறாரே, அவர் லீவில் வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். 100 வாட் அவருக்குள் இருந்தால் பயணி கைப்பையில் கொண்டுவர அனுமதி உண்டு, பெரும்பாலான லப்டொப் பற்றரிகள் அந்த அளவுக்குள்தான். கைப்பையில் மட்டும், பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் ஏற்றக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே ஸ்குரூ கழற்றி மாற்றும் மெல்லிய பற்றரி உள்ள மெஷின்களுக்கு, ஒரிஜினல் தேடுவதென்றால் நான் முதலில் பார்ப்பது இந்த வழியைத்தான். வாரண்டி இல்லை என்பது ஒரு குறை. மச்சானிடம் பில் கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

பழைய பற்றரிக்குள் செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது புத்திசாலித்தனமாகப் படும், ஏனென்றால் ஒரிஜினல் சிப் அப்படியே இருக்கும், செல் மட்டும் புதிது. சிக்கல் அந்தச் சிப்பில்தான். செல்லைக் கழற்றி வோல்ற் அறுந்த கணத்தில் பல சிப்புகள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், புது செல் போட்டாலும் திறக்காது. பூட்டாவிட்டாலும் பழைய கொள்ளளவையே நினைவில் வைத்துக்கொண்டு 30 வீதத்தில் திடீரென அணைக்கும். சிப்பை மீளமைக்கும் கருவி வைத்திருக்கிறாரா, செல்லை ஸ்பொட் வெல்டிங்கில் இணைப்பாரா என்று கேளுங்கள். சோல்டரிங் அயனை நேரே செல்லில் வைப்பவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அந்தச் சூடு செல்லைக் கெடுக்கும். எங்கும் பற்றரி கிடைக்காத அபூர்வ மெஷினுக்கு மட்டும்தான் இது.

இன்னொரு பழைய லப்டொப்பிலிருந்து கழற்றிய பற்றரியா? ரிப்போர்ட்டைக் காட்டினால் பேசலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

கடைசியாக, பற்றரியே வாங்காமல் விடுவது. மேசையை விட்டு நகராத மெஷினுக்கு இது மோசமான முடிவில்லை. கழற்றக்கூடிய பற்றரி உள்ளவை பொதுவாக சார்ஜரில் மட்டும் ஓடும். கரண்ட் போனால் எழுதியது போகும், அவ்வளவுதான். 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைப் பார்த்த நமக்கு அந்த அவ்வளவுதான் சின்ன விஷயமில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுக்க இருட்டானபோதும் யாரும் முன்னறிவித்தல் தரவில்லை. டெஸ்க்டொப் யூபிஎஸ் ஒன்று வீட்டில் சும்மா இருந்தால் லப்டொப்பை அதில் குத்துங்கள். அதற்குள் இருப்பது வழமையாக 12 வோல்ற், 7 அம்பியர் அவர் ஈயப் பற்றரி. லப்டொப் தின்னும் கொஞ்ச வாட்டுக்கு அது அரை மணிக்கு மேல் தாங்கும், சேமித்து அணைக்கத் தாராளம். ரௌட்டருக்கு வாங்கிய சின்ன யூபிஎஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம், அது தருவது 12 வோல்ற், லப்டொப் கேட்பது பெரும்பாலும் 19. வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ விரிவுரைக்குத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைக்கு இந்த வழி சரிவராது. அவர்களுக்கு நகரத்துக் கடையில் தராசு பார்த்து, வாரண்டி எழுதி வாங்கிய கொம்பேட்டிபிள்தான் என் தெரிவு.

புதியது ஒழுங்காக ஓடுகிறதென்று தெரியும்வரை பழையதை எறிந்துவிடாதீர்கள், கோட் எண்ணுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கவும் தேவைப்படும். ஊதிப்போன பற்றரி மட்டும் விதிவிலக்கு. அதை அன்றைக்கே கழற்றுங்கள், குத்தவோ அமத்தவோ வேண்டாம், வளவுக் குப்பையோடு போட்டு எரிக்கவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, பற்றக்கூடிய சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, பற்றரி வாங்கும் கடையிலேயே எடுப்பார்களா என்று கேளுங்கள்.